கடைசித் தெருவின் அழுத்தம்

மடிக்கணினித் திரையில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தெருவில்தான் போகவில்லை.

இது வெறும் ஆபீஸ் சிக்கலாக இருந்திருந்தால், குடிநீர் வாரிய இன்ஜினியர் தன் மேலதிகாரியிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் அந்தக் கடைசித் தெருவில், மூன்றாவது மாடியில்தான் அவர் வீடு இருந்தது. வீட்டில் மனைவி இருந்தாள். அவளைச் சமாளிக்கும் வித்தையை எந்த மென்பொருளும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

"இங்க பாரு," என்று மடிக்கணினியைச் சமையல் மேடைமேல் வைத்தார். "இது பம்ப். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துது. தொட்டியிலேருந்து குழாய் இப்படி இறங்கி வருது. வழியில வால்வுங்க. நம்ம தெரு நீலமா இருக்கா? நீலம்னா அழுத்தம் பிரமாதம்னு அர்த்தம்."

"கலர் நல்லாத்தான் இருக்கு. இந்தக் குடத்துல கொஞ்சம் ஊத்துங்க, பாப்போம்."

இன்ஜினியர் மடிக்கணினியை மெல்ல மூடினார்.

"பத்து மணிக்கு முறைத்தண்ணி விடறாங்கன்னு பேரு. நீங்க ஆபீஸ் போனதும் குழாயைத் திறந்தா காத்துதான் வருது. லாரி வர்றப்பல்லாம் மூணு மாடி ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு. இந்த மாசத்துக்குள்ள தண்ணி வரலேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். ஏட்டுச் சுரைக்காயை நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்க."

கத்திச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். நிதானமாகச் சொன்னதால்தான் பயந்தார். அவள் இல்லாத வீட்டை அவரால் எந்த நிறத்திலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே வேலையில் இறங்கினார். திரையில் கடைத்தெரு வால்வைப் பாதி மூடிப் பார்த்தார். கடைசித் தெரு இன்னும் அடர்த்தியான நீலமானது. உடனே வால்வுக்காரருக்குப் போன் போட்டு, நிஜ வால்வையும் பாதி மூடச் சொன்னார். கடைசித் தெருவுக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கடைத்தெரு மட்டும் காய்ந்தது. வியாபாரிகள் திரண்டு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சரி, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று பம்பைக் கூடுதல் நேரம் ஓடவிட்டார். தொட்டி வழிந்து, கீழே இருந்த பள்ளிக்கூடம் குளமானது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அவர் செய்த காரியத்துக்கு மனதார நன்றி சொன்னது அந்தப் பிள்ளைகள்தான்.

வழிவதைத் தடுக்க, தொட்டி பாதி நிரம்பியதுமே பம்ப் நிற்கும்படி அளவைக் குறைத்தார். அதில் மேட்டுத் தெருக்கள் எல்லாம் வறண்டன. மேட்டுத் தெருவில்தான் அவருடைய மேலதிகாரி அம்மாள் குடியிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

மேடம் அவரை அறைக்கு அழைத்தார். ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"நான் இன்னும் குளிக்கலை," என்றார். "எல்லாத்தையும் பழையபடி வைங்க. முதல்ல ஊர்ல எப்படி இருக்கோ அதை அப்படியே உங்க கம்ப்யூட்டர் மாடல்ல காட்டுங்க. அதுக்கப்புறம் வால்வுல கை வைங்க."

வேலையை விட்டுத் தூக்காமல் இவ்வளவோடு விட்டாரே என்று இன்ஜினியருக்கு நன்றி பொங்கியது. வெளியே வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, வால்வுக்காரருக்குப் போன் செய்தார்.

"எங்க தெருவுக்கு வர்ற வழியில, சலவைக் கடை முக்குல இருக்கிற வால்வு திறந்திருக்கா, மூடியிருக்கா?"

மறுமுனையில் அவசரமாகச் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

வெகுநேரம் கழித்து அவரே கூப்பிட்டார். மூச்சு இரைத்தது. "திறந்துதான் சார் இருக்கு. நல்லா, முழுசாத் திறந்திருக்கு."

"ரொம்ப நன்றிப்பா," என்று இன்ஜினியர் அதை மாடலில் பதிந்துகொண்டார். திரையில் கடைசித் தெரு வழக்கம்போல் நீலமாகச் சிரித்தது.

அன்றிலிருந்து அவர் தன் தெருவைக் காயவைக்கப் படாத பாடு பட்டார். திரையில் குழாய்க்கு வயதைக் கூட்டினார். உள்ளே துருவை ஏற்றினார். பம்பைச் சீக்காளி ஆக்கினார். தொட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். ஒரு சாயங்காலம் கடைசித் தெரு திடீரெனச் சிவந்தது. சிவப்பென்றால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தன் வீட்டுக்குத் தண்ணீர் வராததற்கு எழுந்து நின்று கைதட்டிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வீட்டிலும் ஒரு மாறுதல். மனைவி அண்ணன் வீட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. டிரம் எப்போதும் நிரம்பியிருந்தது. மாடிச் செடிகள் தளதளவென்று நின்றன. சமைக்கும்போது அவள் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள்.

இன்ஜினியர் உருகிப்போனார். லாரித் தண்ணீரை மூன்று மாடி சுமந்து, செடிக்கும் ஊற்றி, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இருக்கிறாளே! இப்படிப்பட்டவள் கிடைக்க என்ன தவம் செய்தேனோ என்று நினைத்தார். தன் பங்குக்குத் தினமும் ஆபீஸ் குழாயில் இரண்டு கேன் பிடித்து, ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுவந்து, மாடி ஏற்றினார்.

"அங்க வைங்க," என்பாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. தோள் குலுங்கும். அழுகிறாள் என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

தெருக்காரர்களும் தங்கமான மனிதர்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் அவருடைய கிழிந்த சட்டைப் பையைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு ரொம்ப நன்றி சார்."

"சட்டையைத் தைச்சது நீங்க. எனக்கு எதுக்கு நன்றி?"

"சும்மாதான் சார், மனசுல தோணிச்சு."

தொண்டை காய்ந்தாலும் இவர்களுக்கு அன்பு காயவில்லையே! இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார். சிவந்த மாடலை வைத்து ஒரு பெரிய திட்டம் போட்டார். நாலு வால்வைத் திருக வேண்டும், பம்பை மாற்ற வேண்டும். வேகமாக வீட்டுக்கு வந்து, "திங்கட்கிழமை நம்ம தெருவுல வேலையை ஆரம்பிக்கிறேன்!" என்றார்.

மனைவியின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"வேண்டாங்க! உங்க உடம்பு என்னாகிறது? தண்ணி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அண்ணன் வீட்டுக்கெல்லாம் நான் சத்தியமாப் போகமாட்டேன்!"

கொஞ்ச நேரத்தில் தையல்காரர் தலைமையில் தெருவே மாடியேறி வந்தது. "எங்களுக்காக நீங்க ஒரு துரும்பையும் அசைக்க வேண்டாம் சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, செய்தே தீருவது என்று அவருக்கு வைராக்கியம் ஏறியது.

திங்கட்கிழமை மேடம் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். "முதல்ல தெருவைக் காட்டுங்க," என்று அழுத்தமானியுடன் கிளம்பினார். வால்வுக்காரரும் கூடவே வந்தார். வழியெல்லாம் ஏனோ கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பத்து மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தார்கள். தையல்காரர் தன் கடை வாசல் குழாயை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நகருங்க," என்றார் மேடம்.

இன்ஜினியர் குழாயில் அழுத்தமானியைத் திருகினார். "முள் அசையவே அசையாது பாருங்க மேடம்," என்று குழாயைத் திறந்தார்.

முள் துள்ளி எழுந்தது. சரியாகத் திருகாத இடுக்கு வழியே தண்ணீர் பீய்ச்சியடித்து, இன்ஜினியரையும் அவர் கையிலிருந்த திட்டத்தையும் தொப்பலாக நனைத்தது. மேலே நிமிர்ந்தார். மூன்றாவது மாடியில், கையில் பூவாளியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி சிலையாக நின்றாள்.

வால்வுக்காரர் முன்னால் வந்தார். "மன்னிச்சிடுங்க சார். எப்பவோ குழாய் ரிப்பேருக்கு மூடின வால்வு, அப்படியே மறந்துட்டோம். நீங்க போன்ல கேட்டப்பத்தான் ஓடிப்போய்ப் பாத்தேன். திறந்துட்டுத்தான் திறந்திருக்குன்னு சொன்னேன்."

இன்ஜினியருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளாக அவள் முட்டி தேயவில்லை, குடம் சுமக்கவில்லை, அண்ணன் வீட்டுக்கும் போகப்போவதில்லை. முகத்தில் வழிந்ததில் எது குழாய்த் தண்ணீர், எது கண்ணீர் என்று அவருக்கே தெரியவில்லை. வால்வுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பா, நல்லா இருப்பா," என்றார்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தையல்காரரிடம் திரும்பினார். "தண்ணி வருதுன்னு இத்தனை நாளா இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பாவம், கேன் கேனாத் தூக்கியிருக்காரே!"

தையல்காரர் தலையைச் சொறிந்தார்.

"ரொம்ப நல்ல மனுஷன் மேடம். ஆனா வருதுன்னு தெரிஞ்சா, இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டுமேன்னு அதையும் சரி பண்ணிடுவாரே!"