கீழே நிற்காத குச்சி

"மறுபடியும் ஆறு இஞ்ச்," என்றார் பேண்டு மாஸ்டர். கையில் மர ஸ்கேல் இருந்தது. "மூணு இருக்கணும். உங்க குச்சி மட்டும் ஏன் மேலயே தங்குது? அதுக்கு அங்க என்ன வேலை?"

குமாஸ்தா தன் வலது கைக் குச்சியைப் பார்த்தார். அது அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. இறக்கிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

குடிநீர் அலுவலக ஊழியர்கள் நடத்தும் அணிவகுப்பு பேண்டு அது. முன்வரிசையில் இடுப்பில் மாட்டிக் குச்சிகளால் வாசிக்கும் ஸ்நேர் டிரம் ஐந்து. ஓங்கி அடிக்கும் அடிக்குக் குச்சி ஒன்பது அங்குலம் எழவேண்டும், மெல்லிய அடிக்கு மூன்று என்பது மாஸ்டர் வைத்த கணக்கு. போட்டியில் நடுவர் எதிரே குனிந்து உட்கார்ந்து, குச்சி நுனிகள் எல்லாம் ஒரே கோட்டில் எழுந்து இறங்குகின்றனவா என்று பார்ப்பார். காதுக்கு ஒரு மதிப்பெண் என்றால் கண்ணுக்கு இரண்டு.

குமாஸ்தா ஓங்குவதில் குறையே இல்லை. ஓங்கி அடித்த பிறகுதான் வம்பு. தோலில் பட்ட குச்சி எகிறும். அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துக் கீழேயே நிறுத்தி, அடுத்த மெல்லிய அடியை அங்கிருந்து அடிக்கவேண்டும். மற்ற நாலு பேருக்கும் நின்றது. இவருடையது மட்டும் பாதி வழியில் நின்று வேடிக்கை பார்த்தது. போன வருஷம் கோப்பை அந்த மூன்று அங்குலத்தில்தான் போயிற்று.

"இந்த வருஷமும் இப்படின்னா டிரம்மைக் கழட்டிட்டு பேனரைப் பிடிங்க," என்றார் மாஸ்டர். "பேனர் எவ்வளவு மேல போனாலும் யாரும் அளக்க மாட்டாங்க."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் குமாஸ்தாவைச் சுட்டது.

"ரெண்டு வாரம் ஒத்திகைக்கு வரவேண்டாம். வீட்ல தனியா பழகுங்க. போட்டியன்னிக்கு நேரா மைதானத்துக்கு வந்துடுங்க."

பதினோரு வருஷமாக அவர் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பங்களில் சீல் குத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய கை தெரியும், முகம் தெரியாது. டிரம்மை மாட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் அவர் முழு ஆளாகத் தெரிவார். பேனரைப் பிடித்தால் மறுபடியும் ஒன்றின் பின்னால் போய் நிற்கவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலில் பயிற்சிப் பலகையை வைத்தார். அதற்கு மேலே, சரியாக மூன்று அங்குலத்தில், ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடிக்கு ஒரு நூலைக் கட்டினார். வாசலில் தொங்கிய அழைப்பு மணியைக் கழற்றி நூலில் மாட்டினார். குச்சி எல்லை மீறினால் மணி அடிக்கும். அழகான ஏற்பாடு.

முதல் மணிக்கு மனைவி போய்க் கதவைத் திறந்தாள். யாருமில்லை. இரண்டாவது மணிக்கும் போனாள். எட்டாவது தடவை திரும்பி வந்து அறை வாசலில் நின்றாள்.

"ஏங்க, ஓங்கி அடிக்கும்போதும் குச்சி இந்த நூலைத் தாண்டித்தானே போகணும்?"

"ஆமா."

"அப்ப சரியா அடிச்சாலும் மணி, தப்பா அடிச்சாலும் மணி. எது தப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

குமாஸ்தா மணியை நேராக்கினார். "பழகப் பழகத் தெரிஞ்சுக்கும்," என்றார்.

இனி மணிக்கு எழுந்திருப்பதில்லை என்று மனைவி முடிவு செய்தாள். சிலிண்டர்காரர் அதற்குப் பிறகுதான் வந்தார். வாசலில் மணியைத் தேடிக் காணாமல் கதவைத் தட்டினார். உள்ளே குமாஸ்தா அதைக் கேட்டு முகம் மலர்ந்து, அந்தத் தாளத்துக்கே சேர்ந்து வாசித்தார். சிலிண்டர்காரர் இன்னும் பலமாகத் தட்டினார். இவரும் விடவில்லை. இப்படி ஒரு ஐந்து நிமிஷம் இருவரும் நன்றாகவே வாசித்தார்கள். மனைவிக்கு எல்லாம் பலகைச் சத்தமாகவே கேட்டது. பிறகு சிலிண்டர்காரர் சிலிண்டரோடு போய்விட்டார்.

அன்றைக்குச் சாப்பாடு வாழைப்பழமும் ஆறிய பாலும்.

"வீட்ல வேண்டாம்," என்றாள் மனைவி. "ஆபீஸ்ல வச்சுக்கோங்க. அங்கயும் நாளெல்லாம் அடிக்கிற வேலைதானே?"

சும்மாதான் சொன்னாள். குமாஸ்தாவுக்கு அது வரமாகப் பட்டது.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வட்டச் சீல், ஒரு தேதிச் சீல். மறுநாள் வட்டத்தை வலது கையிலும் தேதியை இடது கையிலும் பிடித்தார். பாராடிடில் என்று டிரம்மில் ஒரு பாடம் உண்டு. வலது இடது வலது வலது, பிறகு இடது வலது இடது இடது. நாலில் முதலடி மட்டும் ஓங்கல், மற்ற மூன்றும் மெல்லிசு. ஒரு விண்ணப்பத்துக்கு நாலடி என்று ஆரம்பித்தார்.

வரிசையில் நின்றவர்களுக்குக் கால் தானாக ஆடியது. வேலை முடிந்தவர்களும் போகாமல் ஓரமாக நின்றார்கள். ஒரு பெரியவர், "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த ஜன்னல்ல உயிர் இருக்குறது தெரியுது," என்றார்.

மாலையில் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் அன்றைய விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்றுவிட்டு ஒன்று மூன்று வட்டமும் ஒரு தேதியும். மற்றவற்றில் ஒரு வட்டமும் மூன்று தேதியும்.

"இந்த வீட்டுக்காரருக்கு மூணு தேதி போட்டிருக்கீங்க," என்றார் அதிகாரி. "எந்தத் தேதியில தண்ணி விடறது?"

"எல்லாம் ஒரே தேதிதாங்க சார்."

"அதைப் படிக்க முடிஞ்சா நானும் ஒத்துக்குவேன். ஒண்ணு காகிதத்தைக் கிழிச்சிருக்கு. மத்தது ரெண்டும் இருக்கா இல்லையான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கணும்."

மெல்லடி மூன்று அங்குலத்துக்கு நெருங்கியதால்தான் மங்கியது என்று சொல்ல நினைத்தார். அறுபத்து நான்கு விண்ணப்பங்களையும் புதிதாக எழுதி, எல்லாவற்றிலும் ஓங்கி ஓங்கிச் சீல் குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். போய் அளந்தார். ஏழு அங்குலம்.

மனைவி இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கை ஆறுக்கு இறங்கியது. புறப்பட்ட இடத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தார்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளுடைய தம்பி வந்தான். தையல்காரன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே மாமாவின் கையைத் தூக்கிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான், டேப்பை வைத்து மணிக்கட்டிலிருந்து இடுப்பு வரை அளந்தான்.

"இவ்வளவுதானா மாமா? முக்கால் இஞ்ச் எலாஸ்டிக் இருக்கு. மணிக்கட்டுல ஒரு முனை, சட்டைக்குள்ள விட்டு பெல்ட்ல ஒரு முனை. கை மேல போக விடும், அங்க தங்க விடாது."

"தாங்குமா மச்சான்?"

"எத்தனை தொப்பையைத் தாங்கியிருக்கு. உங்க கையைத் தாங்காதா?"

இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு அடித்தார். மனைவி பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்தாள். ஒன்பது, மூன்று, மூன்று, மூன்று. ஒன்பது, மூன்று, மூன்று, மூன்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று பார்த்துக்கொண்டதற்குப் பிறகு அப்படிப் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு ஓங்கலுக்கும் பேண்ட் கொஞ்சம் மேல ஏறுதே," என்றாள் அவள்.

"ஏறட்டும்," என்றார் குமாஸ்தா. "பேண்ட்டுக்கு மார்க் கிடையாது."

போட்டியன்று காலையில் மைதானம் முழுக்கச் சீருடை. மாஸ்டர் வழக்கத்துக்கு மாறாகத் தோளில் கைபோட்டு விசாரித்தார்.

"கை எப்படி இருக்கு?"

"கவலையே வேண்டாம் மாஸ்டர். சரியாயிடுச்சு."

"எது சரியாயிடுச்சு?"

"உயரம். இப்ப மூணு இஞ்சுக்கு மேல ஒரு நூல் ஏறாது."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. சந்தோஷம் சிலருக்கு அப்படித்தான் வரும் என்று குமாஸ்தா நினைத்துக்கொண்டார். மாஸ்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அணி நடந்தது. பார்வை நேராக இருக்கவேண்டும், பக்கத்தில் திரும்பினால் மதிப்பெண் போகும். நடுவர் எதிரே குனிந்து உட்கார்ந்தார். குமாஸ்தா முதல் ஓங்கலை ஓங்கினார்.

சட்டைக்குள் ஏதோ பட்டென்றது. வலது கை லேசாகிவிட்டது. இரண்டாவது ஓங்கலில் இடது கையும் லேசாகியது. எலாஸ்டிக் இரண்டும் வயிற்றருகே சுருண்டு விழுந்தன.

கீழே கண்ணோரத்தில் தன் குச்சிகள் மட்டும் தெரிந்தன. ஓங்கினார், அடித்தார். குச்சி எகிறி, தனக்குப் பிடித்த அந்தப் பழைய இடத்தில் போய் நின்றது. ஆறு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

எல்லாம் முடிந்தது. பேனரின் கம்பு எவ்வளவு கனமிருக்கும் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, கடைசித் தடவைதானே, ஆசை தீர அடித்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. விரல்களைத் தளர்த்தினார். மணிக்கட்டு தானாகப் பேசியது. அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. கூட்டத்தில் மனைவியும் மச்சானும் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்க்கக்கூட அவருக்குத் துணிவில்லை.

முடிவை நடுவர் ஒலிபெருக்கியில் படித்தார். "ஸ்நேர் வரிசை, குச்சி உயரம். குடிநீர் அலுவலகத்துக்கு முழு மதிப்பெண். பத்துக் குச்சியும் ஒரே ஆள் கையில இருந்த மாதிரி இருந்தது."

கோப்பை அவர்களுக்குத்தான். மாஸ்டர் ஓடிவந்து குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டார். குமாஸ்தா விலகி, சட்டைக்குள்ளிருந்து அறுந்த எலாஸ்டிக்கை எடுத்துக் காட்டினார்.

"மாஸ்டர், நடுவர் ஏமாந்துட்டார். இது அறுந்துபோச்சு. நான் ஆறு இஞ்ச்லதான் வாசிச்சேன். கோப்பையைத் திருப்பிக் குடுத்துடலாம்."

மாஸ்டர் எலாஸ்டிக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கோப்பை வாங்கப் போனார்.

வரிசையில் குமாஸ்தாவுக்கு அடுத்து நிற்கும் பம்ப் ஆபரேட்டர் அம்மா டிரம்மைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"நாங்களும் ஆறுலதாண்ணே வாசிச்சோம். நீங்க இறங்குறதை விட நாங்க நாலு பேரும் ஏறுறது சுலபம்னு ரெண்டு வாரமா அதைத்தான் பழகினோம். உங்ககிட்ட சொன்னா அதையும் சரிபண்ணக் கிளம்பிடுவீங்கன்னுதான் மாஸ்டர் மூச்சு விடக்கூடாதுன்னுட்டார்."