ஒத்திகைக்குக் கழற்றிய கூரை

கூட்டத்தில் வாய் திறக்காதவனை எல்லாரும் சம்மதித்தவன் என்றே எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். (ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றக் காரணம் கணக்கு.)

துணுக்காய்ப் பக்கம் எங்கள் ஊர் குளக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. குளம் உடைப்பெடுத்தால் எந்த வழியால் வெளியேறுவது, எங்கே தங்குவது என்று திட்டம் போட ஒரு கூட்டம் வைத்தார்கள். பாடசாலைதான் தங்குமிடம், மதகு வீதிதான் பாதை என்று முடிவாயிற்று. "முன்னுக்குப் போய் வழிகாட்ட ஆர்?" என்று கூட்டம் வைத்த அதிகாரி கேட்டார். என்னிடம் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் இருந்தது, வாய் இருக்கவில்லை. என்னையே போட்டார்கள்.

"ஒத்திகைதானே எண்டு விளையாட்டா வராதேங்கோ. உண்மையா வெள்ளம் வந்தா என்ன செய்வியளோ அதைச் செய்யுங்கோ" என்றும் அவர் சொன்னார்.

அதைத்தான் செய்தேன். கூரையைக் கழற்றினேன்.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோதெல்லாம் எங்கள் ஆட்கள் கூரைத் தகரத்தையும் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். போன இடத்தில் நாலு தடியை நட்டு மேலே போட்டால் வீடு. ஒரேயொரு தடவை நான் கூரையை விட்டுவிட்டு ஓடினேன். அந்த மாரியில் சின்னப் பிள்ளையான என் மகள் மரத்துக்குக் கீழே நனைந்து நடுங்கினாள். இனி எந்தக் காலத்திலும் கூரையை விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவன் நான்.

ஒத்திகை நாள் காலையில் நான் கூரையில் ஏறியதைக் கண்டு மனைவி ஓடி வந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "முதல் குசினியைக் கழட்டுங்கோ. சமைக்கிற பக்கம்தான் புதுத் தகரம்."

அவசரத்தில் தகரங்களை லாண்ட்மாஸ்டர் பெட்டியில் குறுக்காக அடுக்கிவிட்டேன். (நான் ஒப்புக்கொள்ளும் பிழை இது ஒன்றுதான்.) ஒடுங்கிய மதகுப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கக் கட்டைகளுக்கும் நடுவில் தகரம் இறுகிக்கொண்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. எனக்குப் பின்னால் ஊர் முழுவதும் ஹோன் அடித்தது. அதிகாரி கையில் ஒலிபெருக்கியோடு வந்தார். அதை வாயிலிருந்து எடுக்க மறந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

"அண்ணை, இது என்ன?"

"கூரை."

"வெள்ளத்துக்கு எதுக்குக் கூரை?"

"போற இடத்தில படுக்க."

"பள்ளிக்கூடத்தில கூரை இருக்குத்தானே!"

"இண்டைக்கு இருக்கு" என்றேன்.

அவர் ஒலிபெருக்கியை இறக்கினார். நான் பலர் முன்னால் பேசிய முதல் பேச்சு அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "கிணத்தை ஏன் விட்டுட்டு வந்தனீங்கள்?" என்று கேட்க, ஆடுமாடு தவிர எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தகரத்தை இழுத்து எடுப்பதற்குள் உண்மையான மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போக, அந்தத் தங்குமிடத்தில் உண்மையாகவே தங்கிய குடும்பம் நாங்கள் மட்டும்தான். அதிகாரியே சோற்றுப் பார்சல் கொண்டுவந்து, "தங்குமிடத்தைச் சோதிச்சுப் பாத்ததுக்கு நன்றி அண்ணை" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். சோறு நல்ல ருசி.

மகள் இப்போது கலியாணம் முடித்துப் பரந்தனில் இருக்கிறாள். வானம் கறுத்தால் போதும், போன் எடுப்பாள். "அப்பா, இறங்கீட்டியளோ? இல்லாட்டி இன்னும் கூரையிலதானோ?" பின்னால் மருமகன் சிரிப்பது கேட்கும். சிரிக்கட்டும். திரும்பவும் வெளியேறச் சொன்னால் திரும்பவும் கழற்றுவேன். இந்தமுறை நீளவாட்டில் அடுக்குவேன்.

போன மாதம் அவர்களுடைய புது வீட்டுக்குக் கூரை போட்டார்கள். தச்சர் தகரத்தை வைத்து ஆணி அடிக்கச் சுத்தியலை ஓங்கினார். கீழே நின்ற மகள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அண்ணை, ஆணி வேண்டாம். போல்ட் போடுங்கோ. கழட்ட லேசு."