கேரட் பாத்திக்கு வந்த விருந்தாளிங்க

ஆக மொத்தம் முனவ்வரு, நீ சொன்னபடி ஒண்ணையும் பிடுங்கலடி. எல்லாம் அதுல இருந்துதான் ஆரம்பம். பாரு, ஸலாம் சொல்லாமலே ஓட ஆரம்பிச்சிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். தாஷ்கண்ட்ல உன் உடம்புக்கும் அந்தத் தாவரப் பூங்கா வேலைக்கும் ஒரு குறையும் வராம அல்லாஹ் காப்பாத்தட்டும். இங்க நானும் உன் மாமா துர்சுனும் ஹுமோராவும் சுகம். ரொட்டி சுட்டு வெச்சிட்டு சும்மா உக்காந்திருக்கேன், அதான் எழுதறேன்.

நவ்ரோஸ் பண்டிகைக்கு வந்தப்ப நீ என்ன சொன்ன? "அத்தை, தானா முளைச்சதைக் கண்ணை மூடிட்டுப் பிடுங்காதீங்க. நாலு இலை விடட்டும், மோந்து பாருங்க, ஒடிச்சுப் பாருங்க, யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அனுப்புங்க"ன்ன. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. வாசலுக்கு வந்தவங்களுக்கு டீ குடுத்துட்டுத்தானே நாமளும் பேரு கேக்கறோம். கேரட் பாத்தியை அப்படியே விட்டுட்டேன். நம்ம முறைக்கு வாய்க்கால் தண்ணி வந்துச்சு, அதோட எந்த ஊரு விதையெல்லாமோ வந்துச்சு. புதினா, கோழிக்கீரை, குட்டிக் குட்டிப் பை மாதிரி காய் காய்க்கிற அந்தப் பூடு, ஒடிச்சா பால் வர்ற மஞ்சப்பூ. உன் மாமா பாத்துட்டு, "ஏண்டி, இது தோட்டமா, பஸ் ஸ்டாண்டா?"ன்னாரு. நான் மண்வெட்டியை மாவுப்பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். ஹுமோரா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு குச்சி நட்டு, பேரும் குணமும் எழுதிச் சீட்டு கட்டினா. சுவரோரமா ஒண்ணு மட்டும் யாருக்கும் தெரியல. நீட்டு இலை, ஓரம் சுருட்டை, மண்ணைக் கிளறிப் பாத்தா வேரு மஞ்சமஞ்சேள்னு. அதுக்கு வெத்துச் சீட்டு.

செவ்வாய்க்கிழமை சொல்லாம கொள்ளாம நம்ம ஹுமோராவைப் பொண்ணு கேட்டு வந்துட்டாங்க. உனக்குத்தான் தெரியுமே, இதுக்கு முன்னால மூணு இடம் வந்து டீயைக் குடிச்சிட்டுப் போயிருச்சு. இதுவும் போச்சுன்னா உன் மாமா தாங்க மாட்டாரு. பையனோட அம்மா ஸுலைஹோ பொண்ணைப் பாக்கவேயில்ல. ரொட்டி அடுப்புக்குப் பின்னால பாத்தா, அலமாரி மேல விரலால தடவிப் பாத்தா, நேரா தோட்டத்துல போயி நின்னா.

"என்னம்மா இது, பொண்ணு இருக்கிற வீட்ல காடு?"

நான் பிஸ்மில்லான்னு முணுமுணுத்தேன். ஹுமோராதான், "காடு இல்லீங்கம்மா, விருந்தாளிங்க"ன்னு முன்னால வந்தா. இது ரத்தத்துக்கு, இது ஈரலுக்கு, இது பூத்தா தேனீ வரும்னு ஒவ்வொரு சீட்டா படிச்சா. அந்தம்மா நொண்டி நொண்டிக் கூடவே வந்துச்சு. பருத்திக் காட்டுல விழுந்ததுல இருந்து முட்டியை மடக்கினா வலி உயிர் போகுதாம்.

"இதுல ஒண்ணும் எழுதலியே?"

"அது முட்டிவலிக்குங்கம்மா. வேரை வேகவெச்சு, காலையில வெறும் வயித்துல ஒரு கிண்ணம்."

கண்ணு கூட சிமிட்டலடி அவ. சந்தையில ஆட்டுக்கு வயசு சொல்றப்ப உன் மாமா மூஞ்சி இருக்குமே, அதே மூஞ்சி. எனக்கும் பொய்யின்னு தெரியும். அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டு தௌபா செஞ்சுட்டேன். ஆனா அந்த நேரத்துல வாயைத் திறக்கல. அந்தம்மா அந்த முட்டியை மண்ணுல ஊன்றி, தானே தோண்டி, ஒரு வேரு பாக்கியில்லாம சால்வையில முடிஞ்சுக்கிச்சு. "எங்க வீட்ல எல்லாருக்கும் முட்டிதான். வெள்ளிக்கிழமை காலையில பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிச்சிட்டு, ஒரே வேன்ல வந்துடறோம். ரொட்டியைப் பிட்டுக் கல்யாணப் பேச்சை முடிச்சிக்கலாம்"னுச்சு.

இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு வர்றேன்னாங்க, ஜும்மாவுக்கு பாங்கே சொல்லியாச்சு. நாப்பது கிலோமீட்டர்தான், ரோட்டுல என்ன தாமதமோ. எப்படியும் இந்தக் கல்யாணம் உன் புண்ணியம். உனக்கும் சீக்கிரம் ஒரு நல்ல இடம் அமையணும்னு அஞ்சு வேளையும் துஆ கேக்கறேன்.

இப்படிக்கு, உன் அத்தை ஸனோபர்.

பி.கு.: அந்த மஞ்ச வேரை எங்கயோ பாத்திருக்கேனேன்னு மூணு நாளா மண்டையைக் குடைஞ்சுது, இப்பத்தான் ஞாபகம் வருது. எங்க அத்தா கழுதை சாணி போடாம வயிறு கட்டிக்கிட்டா இதைத்தான் வேகவெச்சு ஊத்துவாரு. கழுதைக்கே அரைக் கிண்ணம்தான்.