வெள்ளிக்கிழமைக் கருத்து

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தையல்காரம்மாவுக்கு அவசரமாக ஒரு கருத்து தேவைப்பட்டது.

நாட்டு நடப்பைப் பற்றி அல்ல. நீலச்சட்டை கால்பந்து டீமில் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரனை வைத்துக்கொள்வதா, வெளியே உட்கார வைப்பதா என்பதைப் பற்றி. அவள் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்து வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போய், கண்ணாடி மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. கடையில ஆள் இல்ல. ஒன்பதாம் நம்பரை இந்த வாரம் நான் திட்டணுமா, பாராட்டணுமா?"

வாட்ச்காரர் கண்ணில் செருகியிருந்த லென்ஸைக் கழற்றாமலே கேட்டார். "போன வாரம் என்ன பண்ணீங்க?"

"திட்டினேன்."

"பையன்?"

"அவனும் திட்டினான். நாலே நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுபோச்சு."

"என் தப்புதான். போன வாரம் தோத்த கோவத்துல எல்லாத்தையும் ஒரே பக்கமா சொல்லிட்டேன்." அவர் லென்ஸைக் கழற்றினார். "ஒத்துப்போனா பேச்சு வளராதுக்கா. இந்த வாரம் பாராட்டுங்க. 'நடுச் சக்கரம் தேஞ்சுபோனா பெரிய முள்ளு என்ன பண்ணும்? பந்தே அவன்கிட்ட வரலையே'ன்னு கேளுங்க."

"நடுச் சக்கரம் யாரு?"

"நடுவுல ஆடற நாலு பேரு."

தையல்காரம்மா "நடுச் சக்கரம், பெரிய முள்ளு" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்கு ஓடினாள். காகிதம் அகப்படவில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது, மேஜையில் துணி இருந்தது. எழுதிவிட்டாள்.

இவளுக்கும் கால்பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தமெல்லாம் மகனோடுதான்.

கணவர் இருந்தவரை வீட்டில் பேச்சு முழுக்க அவர் பொறுப்பு. மகனிடம் சொல்ல வேண்டியதை இவள் அவரிடம் சொல்வாள். அம்மாவிடம் கேட்க வேண்டியதை மகனும் அவரிடமே கேட்பான். அவர் இரண்டையும் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்து இடம் மாற்றிக் கொடுப்பார். அவர் போன பிறகுதான் தெரிந்தது, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நேர் வழி ஒன்று போடப்படவே இல்லை என்று. மகன் ஏழு மணி நேர ரயில் தூரத்தில் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன். உடம்பு?"

"நல்லாருக்கு. வேலை?"

"போகுது. சரிம்மா, வைக்கறேன்."

நாற்பது வினாடி. அவன் வைத்த பிறகும் இவள் போனைக் காதிலேயே வைத்திருப்பாள். சொல்ல வேண்டியது எல்லாம் அப்போதுதான் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். அவன் குரலுக்காக அவள் ஏங்கினாள். குரல் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, "வைக்கறேன்" என்று அவன் சொல்லப்போகும் நொடியில், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "நீலச்சட்டை டீம் தோத்துடுச்சாமே. வாட்ச்காரர் ரெண்டு நாளா கடையே திறக்கல."

அவன் போனை வைக்கவில்லை. "அம்மா, நீ ஃபுட்பால் பாக்கறியா?"

அந்தக் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அதை அவள் பல வருடமாகக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"பாப்பேன்," என்றாள். "உனக்கும் பிடிக்குமா?"

"பின்ன? உயிராச்சே!"

அன்றைக்குப் பேச்சு பதினோரு நிமிடம். மறுநாள் வாட்ச்கடை திறந்ததும் முதல் ஆள் இவள்தான். ஆட்டம் வியாழக்கிழமைகளில். வெள்ளிக்கிழமை கருத்து வாங்குவாள், ஞாயிற்றுக்கிழமை கொடுப்பாள். வாட்ச்காரரும் அந்தக் குடும்பத்துக்குப் புதியவர் அல்ல. தையல்காரம்மாவிடம் போன் இல்லாத காலத்தில் மகன் கல்லூரியிலிருந்து அவர் கடை நம்பருக்குத்தான் கூப்பிடுவான்.

மகன் சாமானியப்பட்ட ரசிகன் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. "கேப்டனுக்கு டயல்தாம்மா பளபளன்னு இருக்கு, உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு," என்பான். "கோல்கீப்பர் ரெண்டு செகண்ட் லேட்டா ஓடறான்," என்பான். கால்பந்து பார்க்கிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நடுநடுவே "ஒரு நிமிஷம்மா" என்பான், தாள் புரளும் சத்தம் கேட்கும். பாவம், ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வேலை.

அவன் சொன்னதை வாட்ச்காரரிடம் ஒப்பித்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"தம்பி அப்படியா சொன்னான்? அடடா, எவ்வளவு கரெக்டா சொல்லியிருக்கான்!"

"நீங்க என் கட்சிதானே?"

"உங்க கட்சிதான். இருந்தாலும் நல்ல கருத்துக்கா அது."

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்தச் சாக்பீஸ் எழுத்து வந்து விழுந்தது. திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கடைக்குள் வந்தார். உட்காரச் சொன்னால் உட்கார மறுத்தார்.

"அம்மா, காலையிலேர்ந்து பிள்ளைங்க என் பின்னாடியே வர்றாங்க. பாடத்துல திடீர்னு இவ்வளவு ஆர்வமான்னு பூரிச்சுப்போயிட்டேன்."

அவர் திரும்பி நின்றார். பேண்ட்டின் பின்புறத்தில், தையல்காரம்மாவின் அழகான கையெழுத்தில், 'நடுச் சக்கரம் தேஞ்சுபோச்சு' என்று இருந்தது.

அதோடு எழுதுவதை விட்டாள். இனி மனப்பாடம்தான் என்று முடிவுசெய்தாள். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு, வியாழக்கிழமை கோல் போட்டவன் பெயர் மறந்துபோய், எப்போதோ காதில் விழுந்த ஒரு பட்டப்பெயரை எடுத்து விட்டாள்.

"நெட்டையன் போட்ட கோல் பாத்தியா? கண்ணுலயே நிக்குது."

தாள் புரண்டது. மீண்டும் புரண்டது. "நெட்டையனா? அவன்... அவனை ரெண்டு வருஷம் முன்னாடியே அனுப்பிட்டாங்கன்னு போட்டிருக்கேம்மா."

அவள் பின்வாங்கவில்லை. "திரும்பி வந்துட்டான். பிராக்டிஸ்ல பாத்தேன்."

"நீ பிராக்டிஸ் பாக்கப் போறியா?"

"புதன்கிழமை புதன்கிழமை."

"உள்ள எப்படிம்மா விடறாங்க?"

"கோச்சு தெரிஞ்சவரு. அவர் ஜிப்பை நான்தான் மாத்திக் கொடுத்தேன்."

செவ்வாய்க்கிழமை மதியம், வழக்கமே இல்லாமல், அவன் கூப்பிட்டான். "அம்மா, நீ இவ்வளவு பெரிய ரசிகைன்னு தெரியாம இருந்துட்டேன். கடைசி ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். இது மட்டும் ஞாயித்துக்கிழமையாம். நான் வரேன். சேர்ந்து பாக்கலாம்."

அவன் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வழிந்து முடிவதற்குள் இன்னொன்று உறைத்தது. போனில் என்றால் சமாளிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, முழு ஆட்டத்தையும் எப்படிச் சமாளிப்பது? நெட்டையன் எங்கே என்று கேட்டால் யாரைக் காட்டுவது?

"உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றார் வாட்ச்காரர். என்னவோ அவருக்கே அதில் அவசரம் இருப்பதுபோல் இருந்தது.

"சொன்னா? அவன் உயிரா நினைக்கற விஷயம். எட்டு மாசமா ஏமாத்தியிருக்கேன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? பழையபடி சாப்டியா, சாப்டேன், வைக்கறேன். என்னால அதுக்குத் திரும்பிப் போக முடியாதுங்க."

வாட்ச்காரர் லென்ஸை மறுபடி கண்ணில் செருகிக்கொண்டார். "அப்போ ஒண்ணு பண்ணுங்க. கூட்டம் எழுந்தா நீங்களும் எழுந்திருங்க. உக்காந்தா உக்காருங்க. நானும் அங்கதான் இருப்பேன். ஜெயிச்சாத்தான் முதல் டிவிஷன்ல தங்குவோம். டிரா ஆனாகூடக் கீழ் டிவிஷன்தான். கீழ போயிட்டா நான் ஃபுட்பால் பாக்கறதையே விட்டுடுவேன்."

"ஐயையோ, நீங்க விட்டுட்டா அடுத்த வருஷம் நான் என்ன பேசுவேன்?" என்றாள் அவள். அன்றிலிருந்து அந்த டீம் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட உருகி வேண்டிக்கொண்ட ரசிகர் ஊரில் யாரும் இல்லை.

இரண்டு இரவு உட்கார்ந்து இரண்டு நீலச் சட்டை தைத்தாள். மகனுடையதை ஞாபகத்திலிருந்த அளவில் வெட்டினாள். ஞாயிறு காலை அவன் ரயிலிலிருந்து இறங்கி வந்து போட்டுக்கொண்டபோது தோளில் ஓர் அங்குலம் தொளதொளவென்று நின்றது. பிள்ளை இளைத்திருக்கிறான், இவளுக்குச் சேதியே வரவில்லை. அந்த ஓர் அங்குலத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"சாப்டியா?" என்றாள்.

"ரயில்லயே சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

சமையலறையில் குழாய் சொட்டுவது நன்றாகக் கேட்டது. இருவருக்கும் அந்த அமைதி பழைய பயத்தைக் கொடுத்தது.

"ஒன்பதாம் நம்பர்..." என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

ஸ்டேடியத்தில் கேட்காரர் டிக்கெட்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். "இந்த கேட்டா?"

"டிக்கெட்ல அப்படித்தான் போட்டிருக்கு," என்றான் மகன்.

உள்ளே போய் உட்கார்ந்தால் சுற்றிலும் பச்சை. முன்னால் பச்சை, பின்னால் பச்சை, பக்கத்துச் சீட்டுக்காரர் முகத்தில்கூடப் பச்சைச் சாயம். எதிர்ப்பக்கத்து இருக்கைகளெல்லாம் நீலமாகத் தெரிந்தன. தையல்காரம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் விஷயம் தெரிந்த பிள்ளை பேசாமல் இருக்கும்போது நாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் நம்ம சட்டையையே பாக்கறாங்க," என்றாள்.

"தையல் அப்படிம்மா."

அதைக் கேட்டதும் அவளுக்கு ஆட்டம் மறந்துபோனது. அவன் அவள் தையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. நெட்டையன் எங்கே என்று அவன் கேட்கவில்லை. நன்றிக்கடனாக அவளும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. கூட்டம் கத்தியபோது கத்தினார்கள். கூட்டம் நெற்றியில் அடித்துக்கொண்டபோது அடித்துக்கொண்டார்கள். நடுவில் அவன் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்துகொடுத்தான். ஆட்டம் இப்படியே முடியாமல் இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

முடிய இரண்டு நிமிடம் இருந்தது. பத்துப் பேர் முண்டியடித்த இடத்திலிருந்து பந்து உருண்டு போய் வலைக்குள் விழுந்தது. பச்சைக் கூட்டம் மொத்தமும் துள்ளி எழுந்தது.

தாயும் பிள்ளையும் எழுந்தார்கள். ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. "கோல்!" என்று கத்தினான் அவன். "கோல்!" என்று கத்தினாள் அவள். அவன் அவளை அப்படியே கட்டிக்கொண்டான். அப்பாவின் சாவுக்குப் பிறகு அவன் அவளைத் தொட்டது இப்போதுதான். தோளில் தொளதொளத்த அந்த ஓர் அங்குலத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டீம் தங்கிவிட்டது. அடுத்த வருடமும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. அவள் வாய்விட்டு அழுதாள். பச்சைச் சாயம் பூசியவர்கள் நீலச் சட்டைக்காரர்களின் பெருந்தன்மையைப் பார்த்து, திகைத்துப்போய்க் கைதட்டினார்கள்.

அப்போது படிகளில் யாரோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வந்தார். எதிர்ப்பக்கத்து நீலக் கூட்டத்திலிருந்து, பச்சைக்கு நடுவே இரண்டு நீலப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, கேட்காரரிடம் "குடும்ப விஷயம் சார்" என்று கெஞ்சி, ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடி வந்திருந்தார் வாட்ச்காரர். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"அக்கா, தம்பி, ரெண்டு பேரும் உக்காருங்க, கோல் விழுந்தது நம்ம வலையில! வெள்ளிக்கிழமை அக்கா நேர்ல வந்து கேட்டுக்கறீங்க, சனிக்கிழமை தம்பி போன் போட்டுக் கேட்டுக்கறான், எட்டு மாசமா ரெண்டு பக்கமும் நின்னு என்கூட நானே சண்டை போட்டிருக்கேன். டிக்கெட் எந்தப் பக்கம் எடுக்கணும்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"