முட்டை சொன்ன வைத்தியம்

தேக்கா வட்டாரத்தில் அந்த மாதம் இரண்டு கூட்டம். ஒன்று மாட்டுச் சந்தையில், இன்னொன்று முட்டைச் சித்தர் கொட்டகையில். மாடுகளைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாங்கள் கயிறில்லாமலே போனோம்.

கால் வீங்கி, படுத்தால் மூச்சடைத்து, உட்கார்ந்தே தூங்குகிறவன் நான். "இதயம் வலுவிழந்து நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இன்றே வந்து சேர்" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் மனு எழுதித் தருகிற நான் சும்மா போய்ப் படுத்துவிட முடியுமா? தாளில் கோடு போட்டு, போனால் நன்மை இந்தப் பக்கம், தீமை அந்தப் பக்கம் என்று எழுதினேன். சமமாக வந்தது. தீர்ப்பை முட்டையிடம் ஒப்படைத்தேன்.

சித்தரின் முறை எளிது. செம்பில் மந்திரத் தண்ணீர், அதில் முட்டை. மூழ்கினால் ஆஸ்பத்திரி, மிதந்தால் அவரே வைத்தியர். எந்த முட்டையும் மூழ்கியதில்லை. அது எங்களில் ஒருவருக்கும் உறுத்தியதில்லை.

என் முட்டையும் மிதந்தது. "நெஞ்சு நீரும் இப்படித்தான் மேல வந்து போயிடும். தண்ணியக் குடி" என்றார். குடித்தேன். கரித்தது. மந்திரத்தின் வீரியம் என்று நினைத்துக்கொண்டு தினமும் போய்க் குடித்தேன். கால் தூண் போலாயிற்று. பேச மூச்சில்லை.

"முட்டை சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா? வாங்க, கேட்டுருவோம்" என்று என் மனைவி செல்லக்கண்ணு என்னை ரிக்‌ஷாவில் ஏற்றினாள்.

"சாமி, மிதக்குற முட்டையச் சந்தையில நான் வாங்குறதில்ல. அழுகினதா இருக்கும்" என்றாள் கொட்டகையில் சித்தரிடம்.

சித்தர் சிரித்தார். "நீயே ஒண்ணு போடும்மா."

அன்று வாங்கிய முட்டையைப் போட்டாள். மிதந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான், மூச்சிரைத்துக்கொண்டே.

அதே முட்டையைத் தெருக்குழாய்த் தண்ணீரில் விட்டாள். கல்லாய் மூழ்கியது.

"சக்தி என் தண்ணிக்குத்தான்" என்றார் சித்தர்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, குழாய்த் தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் கொட்டிக் கலக்கினாள். முட்டை மேலே வந்தது.

"எனக்கும் சக்தி வந்துருச்சு போல, சாமி."

"உப்புத் தண்ணியா லா இத்தன நாளு?" என்று பக்கத்தில் நின்ற யாக்கூப் தன் வீங்கிய காலைத் தடவினார். சித்தர் செம்பைக்கூட எடுக்காமல் பின்வாசலில் இறங்கினார்.

"உங்க முட்டை மூழ்கிருச்சு. ஏறுங்க வண்டியில" என்றாள் செல்லக்கண்ணு.

ஆஸ்பத்திரியில் சாய்த்து உட்காரவைத்து மருந்து கொடுத்தார்கள். நீர் பிரிந்தது, வீக்கம் வடிந்தது, படுத்துத் தூங்கினேன். "உப்பைத் தொடாதே. இத்தனை நாள் என்னதான் சாப்பிட்டாய்?" என்று டாக்டர் கேட்டார். "மந்திரம், டாக்டர்" என்றேன்.

முட்டைக்குள் மஞ்சள் கருவாவது இருந்தது. அதனிடம் யோசனை கேட்ட என் தலைக்குள் என்ன இருந்தது என்று இப்போதுதான் தட்டிப் பார்க்கிறேன். அடுத்த சித்தர் செம்பைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நீங்களும் உங்கள் தலையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.