பரணில் தீர்ந்த வெளிச்சம்

வீட்டிலிருக்கும் பழைய டார்ச் லைட்டைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று ஸ்டூடியோக்காரர் திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தார்.

டார்ச்சின்மேல் அவருக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை. எல்லாம் மாடிவீட்டுக்காரரால் வந்த வினை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு சைக்கிள் குழு ஆரம்பித்து, தனக்குத்தானே கேப்டன் என்று பட்டமும் கொடுத்துக்கொண்டவர். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, இருட்டில் சைக்கிள் மிதித்து, ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுக் காலையில் திரும்புவது என்று அறிவித்திருந்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். லைட் இல்லாதவர் வரவே கூடாது, யாரிடம் நல்ல லைட் இருக்கிறதோ அவர்தான் வரிசையில் முதலில் போகவேண்டும்.

முதலில்! அந்த வார்த்தை ஸ்டூடியோக்காரரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மனிதர் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். காலையிலிருந்து ராத்திரிவரை, "நேராப் பாருங்க, காது தெரியட்டும், சிரிக்காதீங்க" என்று ஊரையே மிரட்டுவார். ஆனால் ஸ்டூடியோ வாசலைத் தாண்டினால் அவர் பேச்சைக் கேட்க ஒரு ஈ காக்காய் கிடையாது. போன தடவை சைக்கிள் பயணத்தில் அவர் பட்ட பாடு இருக்கிறதே! பழைய டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பிரேக் பிடிக்கும் அவசரத்தில் அதை வாயில் கவ்வினார். கூடாரக் கயிறு கட்டும்போது கக்கத்தில் இடுக்கினார். படுத்த பிறகும் குழுவே சிரித்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் தன் பின்னால் வரவேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டுவிட்டார்.

புது லைட் வாங்குவதில் ஒரே ஒரு சிக்கல், அவர் மனைவி. அந்த அம்மாள் சரக்குக் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கும் வேலை பார்ப்பவர். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே ஒரு சோப்பு குறைகிறது என்று சொல்லிவிடுவார். அதே சட்டம்தான் வீட்டிலும். பழசு உயிரோடு இருக்கும்வரை புதுசு வாசல்படி ஏறக்கூடாது.

ஆகவே பழசு சாகவேண்டும். டார்ச்சின் பின்பக்க மூடியைத் திருகினார். உள்ளே இரண்டு செல். அதில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் போட்டு மூடினார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். எரியவில்லை. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தானே ஒரு சலாம் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் துக்கச் செய்தி போய்ச் சேர்ந்தது.

"ஏம்மா, நம்ம டார்ச் போயிடுச்சு."

"எங்க?"

"எங்கயும் இல்ல. இங்கயேதான் போச்சு. அழுத்துறேன், எரியல."

அந்த அம்மாள் டார்ச்சை வாங்கினார். அழுத்தினார். குலுக்கினார். காதோரம் வைத்துக் கேட்டார். "த்சொ, த்சொ" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சரிங்க. நல்லதாப் பாத்து ஒண்ணு வாங்கிடுங்க."

ஸ்டூடியோக்காரருக்குத் தலை சுற்றியது. மூன்று நாள் வாதாடத் தயாராக வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது.

"வாங்கிடவா?"

"வீட்டுக்குத்தானே?"

"வீட்டுக்குத்தான்! வேற எதுக்கு? சேச்சே!"

மறுநாள் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தார்.

"சைக்கிளுக்கா சார், கேம்புக்கா, வீட்டுக்கா?"

"சைக்கிளுக்கும் கேம்புக்கும். யாராவது கேட்டா வீட்டுக்கு."

"புரியுது சார். இங்க வர்றவங்க எல்லாருமே அப்படித்தான்" என்று கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். முதலில் காட்டியது செங்கல் கனம். இரண்டாவது சின்னதாக, அழகாக இருந்தது. ஆனால் வெளிச்சம் ஒரே புள்ளியாக விழுந்தது. தூரத்துப் பள்ளம் தெரியும், காலடியில் இருக்கும் கல் தெரியாது. மூன்றாவதைத்தான் அவர் கீழே வைக்கவே இல்லை. ஹேண்டில்பாரில் கவ்விக்கொள்ள ஒரு பிடி. நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. கூடாரத்துக்குள் தொங்கவிட ஒரு கொக்கி. மழைக்குப் பயப்படாது. முனையைத் திருகினால் வெளிச்சம் குவியும், திரும்பத் திருகினால் பாயாக விரியும்.

"முழு வெளிச்சத்துல வெச்சா சீக்கிரம் சார்ஜ் போயிடும் சார். சின்ன வெளிச்சத்துல வெச்சா விடியவிடிய எரியும்" என்றார் கடைக்காரர். ஸ்டூடியோக்காரரின் காதில் அது விழவில்லை. அவர் மனதளவில் ஏற்கெனவே வரிசையின் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலை இருட்டாக்கிவிட்டு விளக்கவுரை தொடங்கினார். மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு கவனமாக அவர் பேச்சைக் கேட்டதே இல்லை. அதிலேயே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புகழ்ச்சிக்கு ஏங்கியவருக்குக் காது கொடுத்தால் போதும், வாய் தானாக அவிழ்ந்துகொள்ளும்.

"தலையில கட்டிக்கலாமாங்க?"

"கட்டிட்டா ரெண்டு கையும் ஃப்ரீ! எந்த வேலையும் பாக்கலாம்!"

"ரெண்டு கையும்?"

"ரெண்டு கையும்!"

"மூலை முடுக்கெல்லாம் தெரியுமா?"

"ஊசி விழுந்தாக்கூடத் தெரியும்!"

"தண்ணி பட்டா?"

"முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது!"

"இப்போ, பரண் மாதிரி ஒரு இடம்னு வெச்சுக்குங்களேன்..."

"பரணா? பட்டப்பகல் ஆக்கிடும்!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வீட்டுப் பரணை அவர் ஒருநாளும் சுத்தம் செய்ததில்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "அங்க ஒரே இருட்டும்மா, ஒண்ணும் தெரியல." சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒழுகும் குழாய்க்கும் அதே பதில். பீரோவுக்குப் பின்னாலும் அதே இருட்டு. அவருடைய இல்லறமே இருட்டை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டைத் தன் கையாலேயே விலை கொடுத்து ஒழித்துவிட்டார்.

"சனிக்கிழமை ஸ்டூடியோ அரை நாள்தானே?" என்றார் மனைவி இனிமையாக.

"சனிக்கிழமையா? அன்னைக்குக் கேப்டன் கூட..."

"அது சாயங்காலம்தானே? தாராளமாப் போய்ட்டு வாங்க. நான் என்ன, வேண்டாம்னா சொல்றேன்?"

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோக்காரர் நெற்றியில் லைட்டும் மூக்கில் துண்டுமாகப் பரணுக்குள் தவழ்ந்தார். இறக்கை உடைந்த ஃபேன் வந்தது. மூடி இல்லாத பாத்திரங்களும் பாத்திரம் இல்லாத மூடிகளும் வந்தன. ஒரு பழைய கேமராப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லி குடும்பத்தோடு இருந்தது. அவர் போட்ட கூச்சலில் பல்லிகூட ஒரு நிமிஷம் மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்தது.

பயம் கொஞ்சம் தெளிந்ததும் சாயங்கால ஞாபகம் வந்தது. பொத்தானை அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஏன் மங்கலாயிடுச்சு?"

"சின்ன வெளிச்சமே போதும்மா."

"அப்புறம் இருட்டு, ஒண்ணும் தெரியலம்பீங்க. ஃபுல்லா வைங்க."

ஃபுல்லாக வைத்தார். இரண்டு கையும் ஃப்ரீ என்று அவரே சொன்னதால் ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பம். பரண் முடிந்ததும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயை முடுக்கினார். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விஷயத்தில் கடைக்காரர் யோக்கியர்.

ஐந்தரை மணிக்குக் குளித்து, சைக்கிளைத் துடைத்து, லைட்டை ஹேண்டில்பாரில் மாட்டினார். பொத்தானை அழுத்தினார். லைட் சிவப்பாக இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது.

"சார்ஜ் இல்லையே!"

"போட்டுக்கலாமே."

"ஏற ஆறு மணி நேரம் ஆகும்! ஆறு மணிக்குக் கிளம்புறாங்க! லைட் இல்லன்னா சேத்துக்கவே மாட்டாங்கம்மா!" ஸ்டூடியோக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் இடம் போகட்டும், இப்போது இடமே போய்விடும் போலிருந்தது.

மனைவி உள்ளே போய்ப் பழைய டார்ச்சை எடுத்து வந்தார். அழுத்தினார். அது பளீரென்று எரிந்து ஸ்டூடியோக்காரர் முகத்தில் அடித்தது.

"இது... இது செத்துப்போச்சே!"

"சாகலிங்க. ஒரு செல்லு தலைகீழாப் படுத்திருந்துச்சு. நிமித்தி வெச்சேன்."

"எப்போ வெச்ச?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. கை அலம்பிட்டு வந்தேனே, அதுக்கு முன்னாடி."

"அப்புறம் எதுக்கு என்னைப் புதுசு வாங்க விட்ட?"

அந்த அம்மாள் அண்ணாந்து பரணை ஒரு தடவை பார்த்தார். தூசு இல்லை, ஒட்டடை இல்லை. இருப்பு சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, தன் தலைமுடி ரிப்பனை அவிழ்த்து, பழைய டார்ச்சை ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டிவிட்டார்.

"வாயில கவ்வாதீங்க, பல்லு போயிடும். பத்திரமாப் போய்ட்டு வாங்க."

வாசலில் விசில் சத்தம் கேட்டது. ஸ்டூடியோக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத் தயாராக நின்றார்கள். கேப்டன் அவரையும் பார்த்தார், ரிப்பனையும் பார்த்தார்.

"கேப்டன், இன்னைக்கு எதிர்பாராம ஒரு சின்னச் சிக்கல். புது லைட் ஒண்ணு வாங்கியிருந்தேன், அது என்ன ஆச்சுன்னா..."

"தெரியும் சார், கடைசியில போய் நில்லுங்க. உங்க இடம் அதுதான்னு தங்கச்சி திங்கக்கிழமையே சொல்லி வெச்சிருச்சு."