குளியல் மேடைக்கு நீல விளக்கு போட்ட வகையில்

மஞ்சூர்,
செவ்வாய், மதியம்.

அன்பு மருமகன் பெனிஸ் அவர்களுக்கு, மாமனார் தேவநேசன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை. போன வாரம் அந்த விஷயத்தில் இங்கே பலருக்குச் சந்தேகம் வந்துவிட்டதால் எழுதுகிறேன். அங்கே தாங்களும் கெஸியாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

தாங்கள் சொன்னது நியாயமே. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே போதவில்லை. பக்கத்து அறையை டூரிஸ்டுகளுக்கு விடுவோம், மே சீசனுக்குள் அது ஓடவில்லையென்றால் தோட்டத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் பிளாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றீர்கள். சரியென்று தலையாட்டினேன். நாற்பது வருஷம் எஸ்டேட் ஆபீசில் தலையாட்டிய பழக்கம்.

அந்த அறையின் குளியலறைக்குத் தாங்கள் அனுப்பிய, நின்று குளிக்கிற ஷவர் தட்டு பத்திரமாக வந்தது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். தரையில் பதிக்கலாமென்று தோண்டினால் அரையடியில் பாறை. தண்ணீர் போகும் குழாய்க்கு வாட்டம் வேண்டுமே, அதனால் செங்கல் வைத்து முட்டி உயரத்துக்கு மேடை கட்டி, ஏறுவதற்கு ஒரு படி வைத்து, மேலே தட்டை உட்கார்த்திச் சுற்றிக் கண்ணாடி போட்டாயிற்று. விளிம்பைச் சுற்றி ஒட்ட எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட்டும் ஒரு சுருள் அனுப்பியிருந்தீர்கள். அதற்கு வேலுமணியைக் கூப்பிட்டேன். தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், ஃபேக்டரி மூடியதிலிருந்து கிடைத்த வேலையைச் செய்கிறான். என்ன வேலை என்று கேட்காமல் விட்டது என் புத்தி.

வேலையில் குறை சொல்ல முடியாதுங்க மாப்பிள்ளை. அலுமினியப் பட்டியில் விளக்கை இறக்கி, மேலே மூடி போட்டு, மூட்டுக்கு மூட்டு சிலிக்கான் பூசினான். ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாது. அடாப்டரை அறைக்கு வெளியே வைத்தான், நல்லது. சுவிட்சையும் வெளியே வராண்டாவில் வைத்தான். "ஏப்பா, குளிக்கிறவங்க எப்படிப் போடுவாங்க?" என்றேன். "உள்ள இருக்கறவங்க எங்கீங்க சுவிட்சு போடப் போறாங்க? வந்து பாக்கறவங்கதானுங்க போடோணும்" என்றான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. விளக்கைப் போட்டதும் உங்கள் அத்தை ஐவி எட்டிப் பார்த்தாள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நீளமான மேடை, சுற்றிலும் கண்ணாடி, ஓரமெல்லாம் நீல வெளிச்சம். சாவு வீட்டில் வைக்கிற ஐஸ் பெட்டிதான், அச்சு அசல். போன வருஷம் அவள் அக்காவை இப்படித்தான் கிடத்தியிருந்தோம். வேலுமணியைப் பிடித்துக் கேட்டால், "ஆமாங்க, ஃபேக்டரி மூடுனதுலருந்து பொட்டிக்குத்தானுங்க லைட்டு போடறேன். இதுவரைக்கும் உள்ள இருந்தவங்க ஒருத்தரும் குறை சொன்னதில்லீங்க" என்கிறான்.

பிரித்து மாற்றுவதற்குள் முதல் கெஸ்ட் வந்துவிட்டார். ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர், தனியாள். மலை வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்து வந்த மனுஷன், வெந்நீரைத் திறந்துவிட்டு அந்தத் தட்டிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். நான் மரியாதைக்கு வெளியே நின்று விளக்கைப் போட்டுவிட்டேன். மணி நாலுதான், ஆனால் மூடுபனி இறங்கி இருட்டிக் கிடந்தது. பறித்த இலை மூட்டையோடு எடை போடப் போன தோட்டக்கார தெய்வம்மா ஜன்னலில் பார்த்திருக்கிறாள், நீல வெளிச்சம், கண்ணாடி, புகை, உள்ளே நீட்டிப் படுத்த ஒரு உருவம். ஐவிக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள்தான் கேள்விப்பட்டவள், மூட்டையைப் போட்டுவிட்டு, "ஐயோ ஐவியம்மா, போயிட்டீங்களே" என்று மாரில் அடித்துக்கொண்டு தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஓட, லைன் ஆட்கள் சர்ச்சுக்கு ஓட, மணியடிக்கிறவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சாவுமணிக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். எங்கள் சர்ச்சில் இறந்தவர் வயது எத்தனையோ அத்தனை அடி. குத்துமதிப்பாக அடித்திருக்கிறார். அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த உங்கள் அத்தை கரண்டியும் கையுமாக நின்று எண்ணிவிட்டு, "யாரோ பாவம், அறுபத்தெட்டு. என்னைவிட ரெண்டு வயசுதான் கூட" என்றாள்.

கால் மணி நேரத்தில் வாசலில் நாற்பது பேர், மாலை, ஒப்பாரி. சத்தம் கேட்டு ஜவுளிக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவரைப் பார்த்து அவர்கள் அலற, அவர்களைப் பார்த்து அவர் அலற, யாரோ பதற்றத்தில் மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். ஈரத்தலையோடு காரை எடுத்துக்கொண்டு போனவர்தான். பிணப்பெட்டியில் குளிக்க வைக்கிறார்கள் என்று நெட்டில் எழுதிவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அறை கேட்டு வைத்திருந்த மூன்று குடும்பமும் வேண்டாமென்றுவிட்டது.

சிரிக்காதீங்க மாப்பிள்ளை. எனக்குச் சிரிப்பு வரலைங்க. இந்தச் செடியெல்லாம் நானும் ஐவியும் எங்க கையால நட்டது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புரோக்கரை வரச் சொல்லுங்கள். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

கெஸியாவுக்கு அவள் அம்மாவின் முத்தங்கள். கர்த்தர் உங்கள் இருவரையும், முக்கியமாக மேட்டுப்பாளையம் ரோட்டில் பைக் ஓட்டுகிற உங்களை, பத்திரமாகப் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
தேவநேசன்

பி.கு. (சாயங்காலம்): கடிதத்தை ஒட்டப் போகும்போது லைனிலிருந்து அழகையா வந்தார். அவர் அண்ணன் ஆறுமுகசாமி இன்று காலையில் இறந்துவிட்டாராம். நம் தோட்டத்தில் இருபது வருஷம் செடிகளைக் கவாத்து வெட்டியவர். ஐஸ் பெட்டி ஊட்டியிலிருந்து வந்துசேர நேரமாகும், உங்கள் பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்டார். அது பெட்டியில்லை, வெந்நீரில் குளிக்கிற இடம் என்று கூட்டிப்போய்க் காட்டினேன். குழாயைத் திறந்து, தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "அப்பக் குளிப்பாட்டவாச்சும் இங்க கொண்டாரட்டுங்களா ஐயா? சிலோன்லருந்து இந்தக் குளிருக்கு வந்த நாள்லருந்து அண்ணனுக்குப் பச்சத் தண்ணிதானுங்க" என்றார்.

கொண்டுவந்தார்கள். ஐவி தண்ணீர் பதம் பார்த்தாள். நான் வெளியே போய் விளக்கைப் போட்டேன்.

அன்றைக்கு ஐவிக்கென்று ஓடிவந்த அத்தனை பேரும் இன்றைக்கும் வந்தார்கள். உங்கள் பிளாட்டில் எதிர்வீட்டுக்காரர் பேர் உங்களுக்கே தெரியாது என்று கெஸியா ஒருமுறை சொன்னாள். புரோக்கர் வர வேண்டாம் மாப்பிள்ளை. இலையைக் கிடைக்கிற விலைக்கே விற்றுக்கொள்கிறேன். அழுறதுக்கு ஆள் இருக்கிற ஊர்லயே நாங்க செத்துக்கறோம்.